பொத்தலின் ஓரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. இரண்டு நாளாகக் கடல் சரியில்லை. தேவனாம்பட்டினத்தில் ஒரு படகும் இறங்கவில்லை. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே, வானத்தில் நூல் மாதிரி நீண்டு கிடக்கிற நட்சத்திரக் கூட்டத்தைப் பற்றி நீ போனில் சொன்னதை அசைபோட்டேன்.

நட்சத்திரக் கொத்து கரைந்து நூலாவது புரிந்துவிட்டது. பால்வீதி, கொத்தில் தனக்குக் கிட்ட இருக்கிற பக்கத்தைக் கூடுதலாக இழுக்கும், எட்ட இருக்கிற பக்கத்தைக் குறைவாக. கொத்து பிய்ந்து, உள்ளே சரிந்தவை சின்ன வட்டத்தில் முந்தி ஓடும். வெளியே போனவை பின்தங்கும். 2006-ல் கண்டுபிடித்த ஜிடி-1 என்கிற நட்சத்திர நூலில் தாய்க் கொத்தே மிஞ்சாமல் வெறும் நூல்தான் கிடக்கிறதாம்.

எனக்குச் சிக்கு விழுந்தது அடுத்த இடத்தில். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் கட்டி ஒன்று பக்கத்தில் போனால் நூலில் பொத்தல் விழும் என்றாய். இழுத்தால் கிட்டத்தானே வரணும், எப்படி விலகும்? ராத்திரி பூரா யோசித்தேன். முன்னால் போகிற நட்சத்திரத்தைக் கட்டி பின்னுக்கு இழுக்கும். வேகம் குறைந்து அது உள்வட்டத்துக்கு இறங்கும். அங்கே சுற்று சீக்கிரம் முடியும், அதனால் இன்னும் முந்திவிடும். பின்னால் வருவதை முன்னுக்கு இழுத்தால் அது வெளிவட்டத்துக்கு ஏறித் தாமதமாகும். நடுவில் காலியிடம். சரிதானே? பின்னுக்கு இழுத்தால் முந்துகிற சங்கதி கடலில் நான் பார்த்ததே இல்லை.

பேத்தை மீன் கடித்தால் வலையில் கொத்துக் கொத்தாக ஓட்டை. படகு விசிறி பட்டால் கத்தி வைத்த மாதிரி நேராக அறுந்திருக்கும். வந்தது யார் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். பொத்தலை வைத்து, பக்கத்தில் போனது எது என்று நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். ஆனால் அந்தக் கட்டி சூரியனைப்போல 10 லட்சம் முதல் 10 கோடி மடங்கு எடை, வெளிச்சமே இல்லை என்றதும் கொஞ்சம் மலைத்துப்போனேன். தனுசுக் குறுமண்டலம் என்கிற சின்ன நட்சத்திர மண்டலம்கூட இந்தப் பொத்தலைப் போட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வதாக நீயே சொன்னாயே, அது பிடித்தது. ஒரே பொத்தலை வைத்து ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன்.

கயா விண்கலத்தின் அளவுகளை வைத்து 2018-ல் போட்ட ஜிடி-1 படத்தில், பொத்தல் பக்கத்திலிருந்து கிளை மாதிரி கொஞ்சம் நட்சத்திரங்கள் ஒதுங்கி நிற்கின்றன என்றாயே, அந்தப் படத்தை அண்ணன் போனுக்கு அனுப்பு. அறுந்த நூல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நான் பார்க்கணும்.

கருவாடு பார்சல் வெள்ளிக்கிழமை போடுகிறேன்.

அப்பா