தடுப்பூசி விழிப்புணர்வுத் தொண்டு நிறுவனத்தாருக்கு ஒரு செவிலியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு வரும் செவிலியர் நான். நீங்கள் அச்சிட்டு வழங்கும் துண்டறிக்கையைக் கையில் பிடித்தபடி வரும் பெற்றோரை அன்றாடம் நேரில் சந்திப்பவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்க முடிந்தது தடுப்பூசியால்தான். அதை மக்களிடம் எடுத்துச் சொல்ல உங்களைப் போன்றோர் வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் ஊசிக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது மட்டும் உங்கள் துண்டறிக்கையில் "லேசான காய்ச்சல் வரலாம்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரியை விரித்து எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உடலுக்குள் பெருகி, எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் கண்டுகொள்ளச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், காய்ச்சல் அன்றிரவே வருவதில்லை. பெரும்பாலும் 6-ஆம் நாளுக்கும் 12-ஆம் நாளுக்கும் இடையில்தான் வருகிறது. நூறு குழந்தைகளில் 5 முதல் 15 பேருக்கு இப்படி வரும். சிலருக்கு உடலில் தடிப்புகளும் தோன்றும். இதை அறிந்திராத தாய் ஒருவர், ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். பிள்ளையின் கழுத்திலும் காதோரத்திலும் சிவந்த திட்டுகள். "ரெண்டு நாள் காய்ச்சல்னுதானே சொன்னீங்க, இது என்னங்க?" என்று கேட்டார். பிள்ளை இரண்டே நாளில் தேறிவிட்டது. தாயின் மனம்தான் தேறவில்லை. அடுத்த தவணைக்கு அவரை வரவைக்க நாங்கள் இருமுறை வீடு தேடிச் செல்ல வேண்டியிருந்தது. அவரை விலக வைத்தது காய்ச்சல் அன்று, அதை யாரும் முன்பே சொல்லாமல் விட்டதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காசநோய்க்கு எதிராகப் போடும் பிசிஜி ஊசியும் அப்படியே. சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் சிறு கட்டி எழும்பி, உடைந்து, ஆறித் தழும்பாகும் என்பதையும், அதற்குக் களிம்பு எதுவும் தடவ வேண்டாம் என்பதையும் எழுதிவிட்டால், பாதிப் பேருக்கு அலைச்சல் மிச்சம்.

பாதகமானவற்றைச் சொன்னால் மக்கள் அஞ்சி ஓடிவிடுவார்கள் என்று உங்களில் சிலர் கருதக்கூடும். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிராக 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பு மருந்தொன்று, அரிதாகச் சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி மறு பகுதிக்குள் செருகிக்கொள்ளக் காரணமாகிறது என்று கண்காணிப்பில் தெரியவந்ததும், மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த இரண்டு மருந்துகளும் தனித்தனியே 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்ற சோதனைகளைக் கடந்தே புழக்கத்துக்கு வந்தன. இந்த வரலாற்றைச் சொல்லும்போது, எதிரே இருப்பவர் முகம் இறுகுவதில்லை, தளர்கிறது. ஊசி போட்ட பிறகும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார் என்பது அவருக்குப் புரிகிறது.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சுக்கும் "வதந்தியை நம்பாதீர்கள்" என்ற தடித்த எழுத்து போதாது. 12 குழந்தைகளை வைத்து 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையிலிருந்து அந்த அச்சம் பரவியது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்விலும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. இவற்றோடு, குழந்தையின் பேச்சில் தடுமாற்றம் பெற்றோர் கண்ணில் படும் வயதும் அந்த ஊசி போடும் வயதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால்தான் ஐயம் எழுகிறது என்பதையும் பரிவோடு விளக்குங்கள். தம் பிள்ளையிடம் மாற்றத்தைக் கண்ட தாய் பொய் சொல்லவில்லை.

கண்ணால் காணக்கூடியதைக் காட்டுங்கள். பல தடுப்பு மருந்துப் புட்டிகளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். வெப்பம் படப்படச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். அது வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. மருந்தை உறிஞ்சுமுன் புட்டியைப் பெற்றோரிடம் நீட்டி, "உள்ளே இருக்கும் சதுரம் வெளுப்பாக இருக்கிறதா, பாருங்கள்" என்பேன். குனிந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளின் தொனியே வேறு. அந்தப் படத்துக்கு உங்கள் துண்டறிக்கையில் கால் பக்கம் ஒதுக்கலாம். உங்களுக்கு நிதி தருவோர் யார் என்பதையும் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள். அதை என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன், ஊசி போடும் செவிலியர் ஒருவரிடமும் தயங்கி நின்று பின் வந்த தாய் ஒருவரிடமும் வரைவைப் படிக்கக் கொடுங்கள். அவர்கள் அடிக்கோடிடும் இடங்களை மாற்றிவிட்டு அச்சிடுங்கள். செவிலியராக நான் வரச் சித்தமாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
தடுப்பூசி போடும் செவிலியர் ஒருவர்