கட்சிப் பூசலும் வர்த்தக வெளியேற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் பொருளாதார விளைவுகள் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இழப்புகளைச் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் பிரச்சினையின் வேர் சந்தையில் இல்லை, கட்சிக்குள் இருந்தது. தம் பழமைவாதக் கட்சியின் உட்பூசலைச் சமாளிக்கவே அன்றைய பிரதமர் டேவிட் கமரூன், ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாக 2013இல் வாக்குறுதி தந்தார். 2016 ஜூனில் விலகுவதற்கு ஆதரவாக 52க்கு 48 சதவீதம் என்று முடிவு வந்ததும் பதவி விலகுவதாக அறிவித்தார். சுங்கப் பத்திரங்களோடு மல்லுக்கட்டுவது இப்போது சிறு ஏற்றுமதியாளர்தான்.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. மனித உரிமை நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திய, இலங்கையின் ஏற்றுமதிப் பொருட்களுக்கான ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை, 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. அது போனால் போகட்டும் என்று பேசியவர்கள் அப்போது இருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பகுதித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் ஒன்றில் முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் தோட்டத்துச் சந்திக்கு வந்து ஏற்றிச்சென்ற பஸ்ஸும் நின்றது. வீறாப்புப் பேசியவர்களுக்கு ஓவர்டைம் சம்பளம் இல்லை, அது வேறு விஷயம். எந்த வர்த்தக ஏற்பாட்டிலிருந்தும் விலகுமுன், எந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு வேலை போகும் என்ற சுயாதீன அறிக்கையை மும்மொழியிலும் பாராளுமன்றத்தில் வைத்து விவாதிப்பதை அரசு சட்டமாக்க வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்.