கீழ இருக்க டிரையர் – எல்லாரும் படிங்க
ஐப்பசி அடைமழைல கும்பகோணத்துல மாடில துணி போட வழியில்ல, எல்லாரும் டிரையரத்தான் நம்பி இருக்கோம், ஆனா ரெண்டு தரம் ஓட்டியும் ஈரமாவே வருதுன்னு கம்ப்ளைன்ட். மொதல்ல கதவுகிட்ட இருக்க பஞ்சு ஃபில்டர ஒவ்வொரு தடவையும் உருவி சுத்தம் பண்ணுங்க. பின்னாடி ஈரக்காத்து வெளிய போற குழாய் சுவத்துல நசுங்கியிருந்தா எவ்ளோ நேரம் ஓட்டினாலும் காயாது, மெஷின கொஞ்சம் முன்ன இழுங்க. ஜீன்ஸு ஜமக்காளம்லாம் ஒண்ணா திணிக்காதீங்க (யாருன்னு சொல்லல!), நல்லா ஸ்பின் விட்டு கொண்டாங்க. வோல்டேஜ் 230லேந்து 180க்கு எறங்கினா ஹீட்டர் சூடு கிட்டத்தட்ட 60 சதவீதம்தான், அதுக்கு மெஷின திட்டி பிரயோஜனமில்ல. டிரம் சுத்துது ஆனா காத்து சூடாவே இல்லன்னா ஹீட்டரோ தெர்மல் ஃபியூஸோ (சூடு ரொம்ப ஏறினா கரண்ட கட் பண்றது) போயிருக்கலாம், யாரும் கழட்டாதீங்க, பிளக்க புடுங்கிட்டு குரூப்ல சொல்லுங்க.