அவர் என்று போட்டால் முடிந்ததா, டீச்சர்?

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவீர்கள். உங்கள் கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டால் வகுப்பு முடிந்தது என்று பொருள்; போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. அதனால் எழுதுகிறேன், ஆண் பெண் பேதமில்லாத கதைமாந்தர்களைத் தமிழில் 'அவன்' என்பதா 'அவர்' என்பதா என்று நம் வாசகர் குழுவில் நாம் போட்ட சண்டையைப் பற்றி. எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அன்று வந்திருந்த எட்டுப் பேரில் உங்களையும் என்னையும் கழித்தால் மிச்சம் ஆறு பேர். ஆறு பேரும் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எனக்கும் கொஞ்சம் ஆள் வேண்டும்.

அன்று படித்தது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் நேர்காணல், 2013இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழில் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், முதல் அரை மணி நேரம் வீணாகவே போயிற்று. நம் வங்கி நண்பர் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை: தன்னை அறிவியல் புனைகதைக்காரர் என்று ஒரு பொந்துக்குள் திணிக்காதீர்கள், நான் நாவலாசிரியர், கவிஞர் என்று அந்த அம்மா சீறுகிற இடம். திணித்தால் பொந்திலிருந்து தன் உணர்கரங்கள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு வருமாம். அப்படியானால் நம் வாசகர் குழுவின் பெயரிலிருந்து 'அறிவியல் புனைகதை'யை எடுத்துவிட வேண்டும் என்றார் நண்பர். தேநீர் வந்ததால் தப்பித்தோம். எனக்கு அந்த இடத்தில் சிரிப்புத்தான் வந்தது. அந்த முத்திரை வேண்டாம் என்று மறுப்பதற்கே வேற்றுக்கிரகப் பிராணியின் உறுப்புதானே அவருக்குக் கைகொடுத்திருக்கிறது!

நம் சண்டை அதற்குப் பிறகு வந்தது. நேர்காணலோடு சேர்த்து நான் நகலெடுத்து வந்த கட்டுரையை நீங்கள் சிவப்பு மையால் கோடிட்டுப் படித்து வந்திருந்தீர்கள். 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலைப் பற்றி லெ குவினே எழுதியது.

நாவலைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், டீச்சர் பொறுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வந்த நாவல். கெதென் என்றொரு பனிக்கிரகம். அங்குள்ள மனிதர்கள் மாதத்தில் பெரும்பாலான நாள்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'கெம்மர்' என்கிற சில நாள்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள்; எதுவாக மாறுவோம் என்று அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. மூன்று பிள்ளை பெற்ற தாயே இன்னும் நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். இந்த ஊருக்குப் பூமியிலிருந்து தூதனாகப் போகிற ஜென்லி ஐ என்கிற ஆண்தான் கதையின் பெரும்பகுதியைச் சொல்கிறான். அவன் கெதெனியர் எல்லோரையும் ஆங்கிலத்து ஆண்பால் சுட்டால் 'ஹீ' என்றே குறிப்பிடுகிறான். கிரகம் முழுக்க ஆண்களாகவே தெரிகிறார்களே என்று வாசகர்கள் கேட்டார்கள். 1976இல் லெ குவின் அதை நியாயப்படுத்தி எழுதினார். ஆங்கிலத்தில் பொதுச்சுட்டு அதுதான், புதிதாக ஒன்றைச் செய்து மொழியைச் சிதைக்க மாட்டேன் என்றார். 1987இல் தன் நியாயத்தைத் தானே கைவிட்டார். அந்த உறுதியெல்லாம் சில வருடங்களிலேயே நொறுங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்துக் காட்டிவிட்டு நீங்கள் சொன்னவை இரண்டு வாக்கியங்கள். "எழுதினவரே தப்பு என்று சொல்லிவிட்டார், இனி நாம் பேச என்ன இருக்கிறது?" இது முதலாவது. "தமிழில் இந்தச் சிக்கலே வராது, 'அவர்' என்று போட்டால் முடிந்தது." இது இரண்டாவது. கண்ணாடி மேசைக்கு வந்தது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் என்னைத் தூங்கவிடாதது.

அன்றிரவு ஒரு நோட்டை எடுத்து நாவலின் சில வாக்கியங்களைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். பக்கத்தை மூன்றாக மடித்து அவன், அவர், அது என்று மூன்று பத்திகள். முதலில் எடுத்தது நாவலிலேயே புகழ்பெற்ற அந்த ஐந்து சொல்லுக்குள் அடங்குகிற வாக்கியம், அரசன் கர்ப்பமாக இருக்கிற செய்தி. அவன் பத்தியில் எழுதினேன்: 'அரசன் கருவுற்றிருந்தான்.' வேலை செய்கிறது. படிக்கிறவர் ஒரு கணம் நின்று, அச்சுப்பிழையோ என்று திரும்பிப் பார்ப்பார். அவர் பத்தியில்: 'அரசர் கருவுற்றிருந்தார்.' ஒன்றுமே நடக்கவில்லை, டீச்சர். 'அரசியார் கருவுற்றிருந்தார்' என்பதில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது போலிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆர் ஈறு அதிர்ச்சியைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்துவிடுகிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜென்லி தான் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரை மனதுக்குள் வீட்டுக்காரம்மா என்றே வைத்திருக்கிறான். பருத்த உடம்பு, வம்பளக்கும் குணம். உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்கிறான். பெற்றது ஒன்றும் இல்லை, தகப்பனாக நான்கு என்று பதில் வருகிறது. இங்கே வீட்டுக்காரம்மா என்றும் 'அவன்' என்றும் ஒரே இடத்தில் மோதவிட்டால்தான் நகைச்சுவை. 'அவர்' என்று போட்டால் மரியாதையான ஒரு வீட்டுக்காரம்மாதான் மிஞ்சுவார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததையே உங்களிடம் திருப்புகிறேன், கோபிக்கக் கூடாது. அவர் பலர்பால் சொல். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொற்கிளவி (மரியாதைச் சொல்), இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறது. நாம் பன்மையை ஒருமைக்குக் கொண்டுவந்தது உயர்வு தாழ்வைக் காட்டுவதற்காக. ஆண் பெண் பேதம் அதில் மறைந்தது உபரிப் பலன். நான் நாள் முழுக்க மெய்ப்புப் பார்க்கிறவன். ஒரே சிறுகதையில், ஒரே பத்தியில், வீட்டு எஜமானி 'வந்தார்', பாத்திரம் தேய்க்க வந்த பெண் 'வந்தாள்'. கணவர் 'சொன்னார்', மனைவி 'சொன்னாள்'. எழுதியவரைக் கேட்டால் தான் அப்படி எழுதியதே தெரியாது என்பார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியாது. பால் பேதம் இல்லாத சொல் என்று நாம் நீட்டுகிற 'அவர்' வாசலிலேயே நின்று ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. கெதெனில் பிரதமருக்கு அவர், ஸ்லெட்ஜ் வண்டி இழுக்கிறவருக்கு என்ன? குழந்தைக்கு என்ன? குழந்தைக்கு நம்மிடம் 'வந்தது' இருக்கிறது என்பீர்கள். ஆனால் கெதெனியரை அஃறிணையாக எண்ணிவிடாதீர்கள், அவர்கள் எதுவும் அற்றவர்கள் அல்லர் என்று நாவலிலேயே ஓர் ஆய்வாளர் எச்சரிக்கிறார். மூன்றாவது பத்தியில் நான் எழுதியதையெல்லாம் அதற்காகவே அடித்துவிட்டேன்.

இப்போது பனிப்பாலைக்கு வருகிறேன். ஜென்லியும் நாடுகடத்தப்பட்ட பிரதமர் எஸ்திராவெனும் வாரக்கணக்கில் ஒரு கூடாரத்தைப் பகிர்ந்துகொண்டு உறைபனியைக் கடக்கிறார்கள். வழியில் எஸ்திராவெனுக்குக் கெம்மர் வருகிறது. அதுவரை இந்த ஆளை நம்ப முடியவில்லையே என்று தான் ஏன் தவித்தோம் என்று ஜென்லிக்கு அப்போதுதான் உறைக்கிறது. இவர் ஆண் மட்டுமல்லர், பெண்ணும்கூட என்பதைப் பார்க்க மறுத்ததுதான் காரணம். இந்த இடத்தை 'அவர்' என்ற பத்தியில் எழுதிப் பாருங்கள். அவிழ்வதற்கு முடிச்சே இருக்காது. முதல் பக்கத்திலிருந்தே 'அவர்' என்று சொல்லிவந்தவன் இப்போது புதிதாக எதைக் கண்டுபிடிக்கிறான்?

சரி, முதலில் அவன், இங்கிருந்து அவர் என்று மாற்றலாமா என்று யோசித்தேன். அழகாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது; கண் திறந்ததும் மரியாதையும் வருகிறதே. ஆனால் தமிழில் நட்பு எதிர்த்திசையில் அல்லவா போகிறது? வெளிநாட்டுத் தூதன் ஒரு பிரதமரை முதலில் அவர் என்றுதான் சொல்வான். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒரே கூடாரத்தில் படுத்து, சாவை ஒன்றாகப் பார்த்தபின் 'நீங்கள்' போய் 'நீ' வரும், 'அவர்' போய் 'அவன்' வரும். ஆக, எஸ்திராவென் ஆண் மட்டும் அல்லர் என்று ஜென்லி தெரிந்துகொள்கிற அதே இரவில் நம் மொழி அவன் வாயில் 'அவன்' என்பதைத் திணிக்கிறது. எனக்கு இந்த முடிச்சு அவிழவில்லை. தமிழில் சிக்கலே வராது என்றீர்களே, ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல் ஒன்று தமிழில் கூடுதலாக வருகிறது.

ஒரே ஓர் ஆறுதல். எஸ்திராவென் தானே எழுதுகிற நாள்குறிப்பு அத்தியாயங்கள் உண்டு. அவை தமிழில் வழுக்கிக்கொண்டு வருகின்றன. வந்தேன், இழுத்தேன், படுத்தேன். தன்மைக்குப் பால் இல்லை. பிறர் சொல்லும்போதுதான் வம்பு.

இனி உங்கள் முதல் வாக்கியம். எழுதினவரே சொல்லிவிட்டார் என்பது. லெ குவின் ஒருமுறை சொன்னவர் அல்லர், டீச்சர்; பலமுறை பலவிதமாகச் சொன்னவர். அதே கெதெனைப் பற்றிய 'விண்டர்ஸ் கிங்' என்ற கதையை 1975இல் தன் தொகுப்பில் சேர்க்கும்போது எல்லோரையும் பெண்பால் சுட்டுக்கு மாற்றினார். அரசன், பிரபு போன்ற பட்டங்களை மட்டும் வேண்டுமென்றே ஆண்பாலிலேயே விட்டுவைத்தார். அடுத்த ஆண்டே நாவலில் ஆண்பால் சரிதான் என்று வாதாடினார். எழுதுகிற கை ஒன்றைச் செய்ய, விளக்கம் சொல்கிற வாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு திரைக்கதை வடிவத்தில் புதுச் சுட்டுகளையே உண்டாக்கிப் பார்த்தார். 1987இல் மனம் மாறியபோதும் பழைய கட்டுரையை அழிக்கவில்லை. அதை அப்படியே வைத்துப் பக்கத்தில் மறுப்புக் குறிப்புகளை எழுதினார். நாவலில் சுட்டுகளைத் திருத்தவில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டவர் ஏன் திருத்தவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. வகுப்பில் ஒரு பையன் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டுத் திருத்தாமல் நோட்டை நீட்டினால் விட்டுவிடுவீர்களா?

லெ குவின் மொழியைப் பற்றி அறியாமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது. அப்பா ஆல்ஃபிரட் குரோபர், மானிடவியலாளர். 1911இல் கலிஃபோர்னியாவில் தன் இனத்தில் கடைசி ஆளாகக் காட்டிலிருந்து வெளியே வந்தவருக்கு 'இஷி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். தன் பெயரைத் தானே சொல்வது அந்த மனிதரின் வழக்கம் இல்லை. யானா மொழியில் 'இஷி' என்றால் மனிதன், அவ்வளவே. அந்த வரலாற்றை 1961இல் புத்தகமாக எழுதியவர் அம்மா தியோடோரா. யானாவில் ஆண்கள் ஆண்களோடு பேசும் சொல்வடிவம் வேறு, மற்றப் பேச்சுக்கான வடிவம் வேறு. ஒரு மனிதனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற கேள்வி சோற்றோடு பரிமாறப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் 'ஹீ' என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாரா? போட்டிருக்கலாம். அவரே அப்படித்தான் சொல்கிறார். ஆனால் கதை சொல்கிறவன் ஜென்லி. அவன் கண்ணின் பழுது அவன் சுட்டுச்சொல்லில் தெரிகிறது என்று வாசிக்க எனக்கு அவர் அனுமதி தேவையில்லை. கெம்மர் இரவுக்குப் பிறகும் 'ஹீ' மாறாமல் தொடர்கிறதே என்று நம் குழுவின் கல்லூரிப் பெண் மெல்லக் கேட்டாள். அன்றைய நாளின் ஒரே நல்ல கேள்வி அது. நீங்களும் நானும் பேசிக்கொண்டிருந்ததில் அதை முழுங்கிவிட்டோம். என் வாசிப்புக்கு அது பெரிய ஓட்டைதான். என்னிடம் பதில் இல்லை.

(பார்த்தீர்களா, அவளை 'அவள்' என்றே எழுதியிருக்கிறேன். வங்கி நண்பருக்கு 'அவர்'. எழுதி முடித்தபின்தான் கண்ணில் பட்டது. மாற்றாமல் விடுகிறேன்.)

நோட்டில் கடைசியாக எழுதியதைச் சொல்லி நிறுத்துகிறேன். செய்யும் என்னும் முற்று. அவன் வரும், அவள் வரும், அது வரும். பழைய தமிழில் மூன்றுக்கும் ஒரே வடிவம். படர்க்கையில் பலர்பாலுக்கு மட்டும் வராது. அதாவது உங்கள் 'அவர்' ஒன்றைத்தான் அது சேர்த்துக்கொள்ளாது! 'எஸ்திராவென் வண்டியை இழுக்கும். இரவில் அடுப்பை மூட்டும். பேசாமல் இருக்கும்.' இன்றைய காதுக்கு மாட்டைச் சொல்வது போலிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வரி தொடர்ந்து படித்தால் காது கொஞ்சம் பழகுகிறது. வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இறந்தகாலத்துக்கு இந்த வடிவம் உதவாது என்பதுதான் முட்டுக்கட்டை. ஒரு நாவலை முழுக்க இறந்தகாலம் இல்லாமல் நடத்த முடியுமா, செய்யுளில் யாராவது அப்படி நீளமாக நடத்தியிருக்கிறார்களா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்குத் தொல்காப்பியத்துக்கு உங்களிடம் இருக்கும் சேனாவரையர் உரையை எடுத்து வாருங்கள். என்னிடம் இருப்பது இளம்பூரணர், அதிலும் வினையியலில் நாலு பக்கம் கரையான் தின்றுவிட்டது. சிவப்புப் பேனாவும் இருக்கட்டும்.

அன்புடன்,
மூன்றாவது நாற்காலிக்காரன்