கைப்பிடி உடையாமல் காத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைத்துவிட்டோம். பீங்கான் கோப்பை ஒன்றைத் தெர்மாகோலோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், நெளி அட்டையும் காகிதக் கூழும் மட்டும் வைத்து உடையாமல் அனுப்புவதற்கான பெட்டி அது. அறிக்கையில் நன்றியுரைக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பக்கம். துறைத்தலைவர், வழிகாட்டி, பெற்றோர் என்று வழக்கமான வரிசை போனதுமே இடம் தீர்ந்துவிட்டது. எங்களைக் கரை சேர்த்தவர்களில் பாதிப்பேர் அதில் இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அக்காவுக்கு. மாதிரிப் பெட்டியைக் கையில் கொடுத்ததும் அவர் அதைத் திறக்கவே இல்லை. காதருகே கொண்டுபோய் லேசாக ஆட்டினார். "உள்ள ஆடுது தம்பி. ஆடினா உடையும்" என்றார், அவ்வளவுதான். நாங்களோ அதுவரை பெட்டி கீழே விழுவதைப் பற்றியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். லாரியின் தளம் ஓடும் நேரமெல்லாம் நொடிக்குச் சில முறை மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே நூலிழை இடைவெளி இருந்தாலும், ஊர் போய்ச் சேர்வதற்குள் அது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடியாகிவிடும்.

அக்கா சொன்ன இன்னொன்று எந்தப் பாடத்திலும் நாங்கள் படிக்காதது. பெட்டியைத் திறக்கிறவர் கோப்பையைக் கைப்பிடியைப் பிடித்துத்தான் வெளியே இழுப்பார். வழியெல்லாம் பத்திரமாக வந்தது அந்த இடத்தில் போய்விடும். அதனால் கோப்பையைக் கவிழ்த்து வைத்தோம். மூடியைத் திறந்தால் கைக்கு அகப்படுவது கனமான அடிப்பாகம். நடுவில் கூழால் செய்த ஒரு மேடு கோப்பைக்குள் நுழைந்து தாங்கும். விளிம்பும் கைப்பிடியும் எதன்மேலும் படாமல் குழிக்குள் நிற்கும். பலமான இடத்தைப் பிடி, பலவீனமான இடத்தை விட்டுவிடு என்பது இந்தத் துறையில் பழைய விதிதான். ஆனால் எங்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது அக்கா.

அடுத்து எங்கள் வழிகாட்டி. அறிக்கையில் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் எதற்காக என்பது இல்லை. 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால், சீராக நின்றாலும்கூட, புவியீர்ப்பைப் போல் 760 மடங்கு அதிர்ச்சி. 3 சென்டிமீட்டரில் நின்றால் 25 மடங்குதான். இதைச் சொல்லிவிட்டு, "அப்போ மெத்தை என்ன வேலை செய்யணும்?" என்று கேட்டார். "தாங்கணும்" என்றோம். "நசுங்கணும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் வடிவமைப்பே திரும்பியது. எடை குறைந்த பொருளுக்கு அடியில் அகலமான மெத்தையைப் போட்டால் அது நசுங்காது, தரையைப் போலவே நடந்துகொள்ளும். ரொம்பக் குறுகலாகப் போட்டால் முழுவதும் நசுங்கி அடிதட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அதைத் தேடத்தான் பருவத்தில் பெரும்பகுதி போனது. மெத்தையைக் கூட்டுவதைவிடக் குறைப்பதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணா இல்லையென்றால் எந்த எண்ணும் எங்கள் கையில் இருந்திருக்காது. இஸ்டா 1ஏ என்பது பொதிகள் பயணத்தைத் தாங்குமா என்று பார்க்கும் சர்வதேசச் சோதனைமுறை. அதில் ஒரே பெட்டியைப் பத்து முறை கீழே போடவேண்டும்: முதலில் ஒரு மூலை, பிறகு அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், கடைசியில் ஆறு முகங்கள். 10 கிலோவுக்குக் குறைந்த பெட்டிக்கு உயரம் 76 சென்டிமீட்டர். இடையில் மெத்தையை மாற்றக்கூடாது. முதல் மூலையில் நசுங்கியதேதான் கடைசிவரை உழைக்கவேண்டும். பெட்டி சரியாக அந்த மூலையிலேயே விழும்படி நிறுத்துவது சாதாரண வேலை இல்லை. அண்ணா குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மூலைக்கு நேர் மேலே எதிர்மூலை வரும்வரை விரல் நுனியால் நகர்த்துவார். திருப்தி வராமல் பெட்டியை விழவிடும் விசையைத் தட்டமாட்டார். தரவில் சிதறல் குறைவாக இருக்கிறது என்று தேர்வாளர் பாராட்டினாரே, அது இவருக்குச் சேரவேண்டிய பாராட்டு.

அட்டைப்பெட்டிப் பட்டறைக்காரர் ஐயாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அட்டைக்குள் அலைபோல் ஓடும் நெளிவுகள் செங்குத்தாக நிற்கும்படி அட்டையை வெட்டினால்தான் அடுக்கின் பாரத்தைத் தாங்கும் என்பதை, ஒரே அட்டையில் இரண்டு துண்டு வெட்டி எங்கள் உள்ளங்கையாலேயே அழுத்திப் பார்க்கவைத்தார். ஈரக் காற்றில் அட்டை தளர்ந்துவிடும், எடுத்த கையோடு சோதிக்காதீர்கள் என்றும் எச்சரித்தார். பிறகு பார்த்தால் அட்டைச் சோதனைக்கான தரநிலையும் அதையேதான் சொல்கிறது: 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்து அதன்பிறகே சோதனை.

நூலகர் அம்மா எடுத்துக் கொடுத்த பழைய காப்புரிமைகள் மதிப்பெண்ணுக்கு உதவவில்லை, மனசுக்கு உதவின. நெளிந்த காகிதத்துக்கு 1856-இல் காப்புரிமை வாங்கியது தொப்பியின் உள்வரிக்காக. 1871-இல்தான் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் அதைப் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்ற எடுத்துக்கொண்டார். குமிழ் உறையும் (பபிள் ராப்) 1957-இல் சுவரில் ஒட்டும் தாளாகத்தான் பிறந்தது. வேறு வேலைக்கு வந்தவையே கடைசியில் காவலுக்கு நின்றிருக்கின்றன என்று தெரிந்தபோது, எங்கள் மேசையில் கிடந்த கோணல்மாணலான கூழ் அச்சைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது.

விற்பனைக்குத் தேறாத கோப்பைகளை மூட்டையாகக் கொடுத்த பீங்கான் பட்டறைக்கும், நிறைய உடைத்ததற்கு முகம் சுளிக்காததற்கும் நன்றி. அதிர்ச்சியை அளக்கும் முடுக்கமானியை இரவல் தந்த மின்னணுவியல் நண்பர்களே, உங்கள் ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூழ் அரைக்க மிக்ஸியை விட்டுக்கொடுத்த அம்மாவுக்குப் புது ஜாடி வாங்கியாகிவிட்டது.

வரைபடங்களும் அதிர்ச்சி அளவுகளும் துறை நூலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அச்சு அடுத்த ஆண்டு மாணவர்களிடம் போகிறது. தம்பி தங்கைகளே, அதில் கைப்பிடிக் குழியின் இடது ஓரம் காய்ந்ததும் சுருங்குகிறது; அங்கே வார்ப்பைக் கொஞ்சம் தடிமனாக எடுங்கள்.

அன்புடன்,
பொதியமைப்புக் குழு