புள்ளடியும் பொன்னாடையும்

அன்பின் நண்பா,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மூத்தவள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள்; என் முழங்கால் பழையபடிதான். இன்று அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்றிரவு உன் தம்பி தொலைபேசியில் சொன்ன செய்தி. 2026 நவம்பர் 28ஆம் திகதி வரும் விக்டோரியா மாநிலத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக டண்டினோங் பக்கத்துத் தமிழர்களிடம் பேச நீ சம்மதித்திருக்கிறாயாம். மாணவர் தலைவர் தேர்தலுக்கே மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தவன் நீ. சம்மதிக்காமல் விட்டிருந்தால்தான் வியந்திருப்பேன். 

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. 2023 மார்ச் 25 அன்று நியூ சவுத் வேல்ஸில் நடந்த தேர்தலுக்கு முன்பு, ஒரு வேட்பாளரின் அலுவலகத்தினர் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றை எனக்கு அனுப்பி, அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் தரும்படி கேட்டார்கள். ‘தேர்தல்’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்த் தனியே நின்றது. வேட்பாளர் போட்டியிடுகிறார் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓடுகிறார்’ என்று இருந்தது. அதையெல்லாம் இரவிரவாகத் திருத்தினேன். வேட்பாளர்களுக்கு முன்னுரிமை வரிசையில் 1, 2, 3 என்று இலக்கமிட்டு வாக்களிக்கும் முறையை விளக்கும் பகுதியில் ‘விருப்பு வாக்கு’ என்ற சொல்லை நானே இட்டேன். அது ஊரில் எல்லோருக்கும் பழகிய சொல் என்பதால் எனக்கு அதில் மனநிறைவும் இருந்தது.

பிறகு வென்ற்வேர்த்வில்லில் ஒரு வாக்களிப்பு நிலையத்துக்கு வெளியே அதே பிரசுரத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றபோது, சாவகச்சேரிப் பக்கத்து அம்மா ஒருவர் அதை விரித்துப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, விருப்பு வாக்கு மூன்று பேருக்குத்தானே? ஊரிலே புள்ளடி போட்டுவிட்டு மூன்று பேருக்குத்தானே விருப்பு வாக்குப் போட்டோம்?” என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். அவர் கேட்டதில் தவறே இல்லை. இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு X என்று புள்ளடியும், அதன் வேட்பாளர் மூவர்வரை விருப்பு வாக்கும் போட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் அதுதான். பழகிய சொல்லைக் கொடுத்தேன். அந்தச் சொல்லோடு பழைய விதியும் சேர்ந்தே போய்விட்டது.

எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அதனால் பெரிய கேடு வரவில்லை. இங்கே கீழவைக்கு ஒரு கட்டத்தில் மட்டும் 1 என்று இட்டாலும் வாக்குச் செல்லும். மூன்று பேரோடு நிறுத்தினாலும் செல்லும். உங்கள் விக்டோரியாவில் அப்படியில்லை. கீழவைச் சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் முன்னுரிமை வரிசையில் இலக்கமிட வேண்டும். பத்துப் பேர் நிற்கும் தொகுதியில் அந்த அம்மா 1, 2, 3 என்று இட்டுவிட்டுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டிருந்தால், அந்த வாக்கு எண்ணப்படாமலே ஒதுக்கப்பட்டிருக்கும். வீட்டுக்குப் போகும்போது தான் வாக்களித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு போயிருப்பார். சிட்னியில் உறவினர் உள்ள குடும்பங்களில் “ஒன்று போட்டால் போதும்” என்று தொலைபேசியில் சொல்லிவிடுவதும் நடக்கும். ஆகவே சிட்னியில் அச்சான தமிழ்ப் பிரசுரம் எதையும் படத்தை மட்டும் மாற்றி அங்கே கொடுக்க விடாதே.

தமிழர் என்று ஒரே பெயர் சொன்னாலும், நாம் வாக்குப் போடப் பழகிய விதம் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்தான் புள்ளடி போட்டவன். சென்னையிலிருந்து வந்தவர் இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியவர். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவர் ஒரே ஒரு குறி இட்டுப் பழகியவர். 2021 குடிசன மதிப்பீட்டில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய 95,000 பேர். கட்சிக்காரர்கள் அந்த இலக்கத்தைப் பார்த்து ‘தமிழ் வாக்கு’ என்று ஒரு மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். இங்கே வாக்களிப்புக் கட்டாயம்; எவரையும் வாக்களிக்க வரச்சொல்லி இழுக்க வேண்டிய தேவை இல்லை. சீட்டுக் கையில் வந்தபின் என்ன எழுதுவது என்பதில்தான் நம் மூத்தவர்களுக்கு உதவி வேண்டும். அதைக் கட்சிகள் கடைசியாகத்தான் நினைக்கின்றன.

அவர்கள் முதலில் நினைப்பது பொன்னாடையை. கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு வந்து, பட்டு வேட்டி கட்டி, ‘வணக்கம்’ சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போவதில் எனக்குக் கோபம் இல்லை. வருகிறவரை மரியாதையாக வரவேற்பது நம் வழக்கம். என் கோபம் ஒலிவாங்கி கையில் கிடைத்ததும் அவர்கள் விசாவைப் பற்றிப் பேசுவதில். விசாவும் அகதி விண்ணப்பமும் கன்பராவின், அதாவது கூட்டாட்சி அரசின், பொறுப்பு; மாநில உறுப்பினர் அதில் முடிவெடுக்க முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களாகத் தற்காலிக அனுமதியோடு தவிக்கும் நம் பிள்ளைகள் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று அந்தப் பேச்சைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாக்கும் கிடையாது. அவர்கள் துயரத்தைச் சொல்லிக் குடியுரிமை உள்ளவர்களிடம் வாக்குக் கேட்பது மிகக் கொடுமை, நண்பா. உன் வேட்பாளர் அதைச் செய்தால் நீ அந்த மேடையிலேயே தடுக்க வேண்டும்.

மாநிலத்தின் கையில் இருப்பவற்றைக் கேள். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல், பதினான்கு வயதுப் பேத்தி அம்மம்மாவின் நோயை வைத்தியருக்குச் சொல்லும் நிலை ஏன் இன்னும் இருக்கிறது என்று கேள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கான மானியம் என்ன ஆகும், மேல்நிலைத் தேர்வில் தமிழ் ஒரு பாடமாகத் தொடர அவர் என்ன செய்வார் என்று கேள். பதிலை எழுத்தில் வாங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 கூட்டாட்சித் தேர்தலில் உங்கள் ஊர் சிஸம் தொகுதியில், தேர்தல் ஆணையத்தின் ஊதா நிறத்தில், சீன மொழியில், ஒரு கட்சிக்கு 1 இடுவதே சரியான முறை என்று பலகை வைத்தார்கள். அது வாக்காளரைத் தவறாக வழிநடத்தக் கூடியது என்று நீதிமன்றம் பின்னர் கண்டது. ஆனால் தேர்தல் முடிவு மாறவில்லை. ஆங்கிலத்தில் எழுதத் துணியாததை நம் மொழிகளில் எழுதிவிடலாம், கவனிக்க ஆளில்லை என்ற எண்ணம் அதில் தெரிகிறது. தமிழில் அப்படி நடந்தால் முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் உன்னைப் போன்றவர்கள்தான். அச்சுக்குப் போகும் தமிழ் வரியில் உனக்குச் சந்தேகம் வந்தால், விக்டோரியாத் தேர்தல் ஆணையம் வெளியிடும் தமிழ் விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்.

நீ நாற்பது வீட்டு வாக்கைக் கொண்டுவருவாய் என்று யாரோ கட்சிக்காரர்களிடம் உறுதி கொடுத்திருப்பதாகவும் உன் தம்பி சொன்னான். அது நீயாக இருக்காது என்று நம்புகிறேன். நீயாக இருந்தால் இன்றே போய் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்.

பிரசுரத்தின் முதற்படி வந்ததும் எனக்கு அனுப்பு. ‘விருப்பு வாக்கு’ என்று எங்காவது இருந்தால் அடித்துவிட்டு, ‘எல்லாக் கட்டங்களிலும் 1, 2, 3 என்று கடைசிவரை இலக்கமிடுங்கள்’ என்று எழுதலாம். பக்கத்தில் முழுதாக நிரப்பிய மாதிரிச் சீட்டு ஒன்றும் வரையலாம். இரவு எத்தனை மணியானாலும் பார்த்துத் தருவேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய வகுப்பு வாங்குத் தோழன்