மெரினாவுக்கு வண்டி பேசும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும், பள்ளிச் சுற்றுலாவுக்கு வண்டி அமர்த்தித் தருபவர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறையை ஒட்டிச் சென்னைச் சுற்றுலா போடும்போது நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி பெரும்பாலும் ‘மாலை: மெரினா’ என்றுதான் இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றியது இந்த மடல். 400 கிலோமீட்டர் போய்விட்டுக் கடலைக் காட்டாமல் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டி வாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. காட்டுங்கள். ஆனால் மெரினா பார்ப்பதற்கான கடற்கரை. அங்கே குளிக்கத் தடை இருக்கிறது. ‘மாற்றுத்துணி கொண்டு வரவும்’ என்று சுற்றறிக்கையில் எழுதுகிறவர்கள் முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். பையில் மாற்றுத்துணி இருந்தால் பிள்ளை இறங்கத்தான் செய்யும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியும். பயமே அதில்தான். ஊருணியில் படித்துறை உண்டு, எத்தனையாவது படியில் கழுத்தளவு என்பது கால்களுக்கே தெரியும். கடல் என்று அவர்கள் பார்த்திருப்பதும் தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம். இவை பாக் நீரிணையின் ஓரம். இலங்கை குறுக்கே கிடப்பதால் வங்கக் கடலின் பெரிய அலை அங்கே வந்து சேர்வதில்லை, ஆழமும் குறைவு. அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த பிள்ளை, எல்லாக் கடலும் இப்படித்தான் என்று நினைப்பதில் வியப்பில்லை. மெரினாவில் மறிக்க எதுவும் இல்லை. திறந்த கடலின் அலை நேரே வந்து கரையில் உடைகிறது. கரையும் சட்டென்று இறங்குகிறது. சில எட்டுகளில் முழங்கால் அளவு கழுத்தளவாகிவிடும்.

அங்கே ஆளைக் கொண்டுபோவது அலை அல்ல, திரும்பிப் போகும் நீர். இதை வகுப்பில் விளக்க நம் ஊரிலேயே நல்ல உவமை இருக்கிறது. கண்மாயில் மடையைத் திறந்தால் அத்தனை நீரும் அந்தச் சின்ன வாயை நோக்கித்தான் ஓடும். அதனால் திறந்த மடைக்கு எதிரே யாரும் குளிப்பதில்லை. கடலிலும் அப்படித்தான். அலைகள் கரையில் கொட்டும் நீர் திரும்பப் போக வழி தேடுகிறது. நீருக்கடியில் மணல்திட்டுகளுக்கு இடையே எங்கே பள்ளம் இருக்கிறதோ அதன் வழியே ஒடுங்கி, வேகமாகக் கடலுக்குள் ஓடுகிறது. கண்மாய் மடை இருக்கும் இடம் ஊருக்கே தெரியும். கடலின் மடை மணல் நகர நகர இடம் மாறும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. அது ஓங்கி ஓடும்போது தேர்ந்த நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது.

இன்னும் மோசம் என்னவென்றால், அந்த இடம்தான் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் நுரை குறைந்து, நிறம் அடர்ந்து, மணலும் குப்பையும் உள்நோக்கி நகர்ந்தால் அதுதான் இழுப்பு. ‘இங்கே அலை இல்லை சார்’ என்று பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது சரியாக அந்த இடத்தைத்தான். ஆகவே கரைக்குப் போனதும் ஆசிரியர்கள் பத்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். சின்ன அலைகளாக வந்துகொண்டிருக்கும்போதே, இடையில் இரண்டு மூன்று பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும். அவை எதுவரை ஏறுகின்றன என்று குறித்துக்கொண்டு, அந்த ஈரக்கோட்டில் ஒரு கயிற்றைக் கிடத்துங்கள். அதுதான் எல்லை. கால் நனைப்பதெல்லாம் கயிற்றைத் தாண்டாமல், அதன் ஓரம்வரை ஏறி வரும் நீரில் மட்டும். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்வது கூடவே கூடாது.

ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் போதும், மற்றவர்கள் மணலில் இருக்கட்டும். பத்துப் பேருக்கு இரண்டு பெரியவர்கள்: ஒருவர் கயிற்றோரம் நிற்க, இன்னொருவருக்குத் தலை எண்ணுவது மட்டுமே வேலை, அவர் கையில் போன் வேண்டாம். நேரத்தையும் கவனியுங்கள். கிழக்குக் கரை என்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். அதன்பின் இருட்டிய நீரில் தலை தெரியாது. நான்கு மணிக்கே போய் ஐந்தரைக்குள் நீரோரத்தை விட்டுவிடுங்கள். பிறகு சுண்டல், பஜ்ஜி, குதிரை எல்லாம் இருக்கின்றன.

காணும் பொங்கலன்று காவலர்கள் பிள்ளைகளின் மணிக்கட்டில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்களே, அதை நீங்கள் வண்டியிலேயே கட்டிவிடலாம். கூடுமிடமாக உழைப்பாளர் சிலையையோ கலங்கரை விளக்கத்தையோ சொல்லி வையுங்கள். ‘பஸ் நிற்கிற இடம்’ என்று சொல்லாதீர்கள், பஸ் நகர்ந்துவிடும். சாலையிலிருந்து நீர்வரை பல இடங்களில் 300 மீட்டர் மணல் இருக்கிறது. உதவிக்கு ஆள் வர அந்த மணலைத் தாண்ட வேண்டும் என்பதால் முதல் உதவி உங்கள் கையில்தான்.

அதற்காக ஒரு பொருள் செய்து எடுத்துப் போங்கள். மூடி இறுகிய ஐந்து லிட்டர் காலி கேன், அதன் கைப்பிடியில் 20 மீட்டர் கயிறு. நைலான் கயிறு மூழ்கும்; மிதக்கிற பாலிப்ரொப்பிலீன் கயிறாகக் கேட்டு வாங்குங்கள். கேனுக்குள் கால் லிட்டர் தண்ணீர் விட்டால்தான் எறியும்போது காற்றில் அலையாமல் நேரே போகும். பள்ளி மைதானத்தில் நாலு முறை எறிந்து பழகுங்கள்.

யாராவது இழுபட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கேனை எறியுங்கள். ஒருவருக்காக மூவர் போவது இப்படித்தான் நடக்கிறது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930இல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டவர் கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஏன் கட்டினார்கள் என்று சொல்லுங்கள்.

இழுபட்ட பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லித் தர வேண்டியது இது: இழுப்பு உன்னை அடியில் அமுக்காது, தள்ளித்தான் கொண்டுபோகும், கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே, மல்லாந்து மித, ஒரு கையைத் தூக்கு, தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வா, அலையே கரைக்குத் தள்ளும். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கை அசைப்பதும் இல்லை. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, சத்தமில்லாமல் இருக்கும்.

கரைக்குக் கொண்டு வந்தவரின் வயிற்றை அமுக்காதீர்கள், தூக்கிச் சுற்றாதீர்கள். அதில் போவது நேரம்தான், வயிற்று நீர் மேலேறி மூச்சுக்குழலையும் அடைக்கும். மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று விடாமல் தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். இதற்குள் இன்னொருவர் 108ஐ அழைத்து, எந்தச் சிலைக்கு எதிரே என்று சொல்ல வேண்டும். சுற்றுலாவுக்கு வரும் ஆசிரியர்களில் இருவராவது பயிற்சிப் பொம்மையில் இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கும்போது, கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்க மாட்டோம் என்ற உறுதியைப் பள்ளியின் பெயரில் அதிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். வண்டி ஓட்டுநருக்கும் ஒரு படி கொடுங்கள்.

இப்படிக்கு,
இந்த வட்டாரத்தில் நீச்சலும் முதலுதவியும் கற்றுத்தருவோர்